நோயோடு வேலையும் போகவேண்டுமா?



காசநோய் கண்டவருக்குக் குறைந்தது 6 மாதச் சிகிச்சை வேண்டும். அதுவரை அவர் பெயர் செக்ரோலில் நிற்குமா? நம் லயங்களில் எழும் கேள்வி இதுவே.

1955ஆம் ஆண்டின் வேலைச் சட்டப்படி, 5 ஆண்டு உழைத்தவருக்கு வருடத்திற்கு 22 நாள் சம்பளத்தோடு நோய் விடுப்பு உண்டு. மருத்துவமனையில் படுக்க நேர்ந்தால் 60 நாள் உண்டு. 2023 ஜனவரி முதல் இவ்விரண்டும் தனித்தனிக் கணக்கு.

ஆனால், விடுப்பு தொடங்கிய 48 மணி நேரத்திற்குள் நிர்வாகத்திற்குச் சொல்லியனுப்ப வேண்டும். தவறினால், டாக்டர் சீட்டு இருந்தும் சொல்லாமல் நின்றவராகிவிடுவோம். கிராணிகளாகிய நாங்கள் ஆபீசுக்கு எட்டிய செய்தியைத்தான் பதிய முடியும். சீட்டைக் கொடுத்தனுப்புங்கள், நகலை வீட்டில் வையுங்கள்.

விடுப்பு தீர்ந்ததும், "நீயே எழுதிக் கொடுத்து விலகிக்கொள்" என்பார்கள். கையெழுத்து வைக்காதீர்கள்! தானாக விலகியவருக்கு வழி குறுகிவிடும். நியாயமின்றி நீக்கப்பட்டவரோ 60 நாளுக்குள் தொழில் உறவு இலாகாவில் முறையிட்டு, வேலையைத் திரும்பக் கேட்கலாம். கடைசி நாள்வரை காத்திராமல் உடனே சங்கத்திற்கு வாருங்கள்.

வெட்டிய பட்டை மீண்டும் வளரப் பல ஆண்டு பொறுக்கிறது தோட்டம். வெட்டியவர் உடல் தேறச் சில மாதம் பொறுக்கலாகாதா? கேட்போம், ஒன்றாய் நின்று கேட்போம்!