பள்ளிக்கூடம் போகுமுன் பிள்ளை படிப்பது நம் காம்பராவில்

(மாதர் கூட்டமொன்றில் நமது சங்கத்தின் சார்பில் ஆற்றப்பட்ட உரை)

தொழிலாளர் சகோதரிகளே, சகோதரர்களே, வீட்டில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் அப்பாயி, அம்மாயி, தாத்தாமார்களே!

நமது கூட்டங்களில் வழக்கமாகச் சம்பளம், நிறுவை, வேலை நாள் பற்றித்தான் பேசுவோம். இன்றைக்கு ஐந்து வயதுக்குக் குறைந்த நம் பிள்ளைகளைப் பற்றிப் பேச வந்திருக்கிறோம். இதுவும் சங்கத்தின் வேலைதான். ஏன் என்று முதலில் சொல்லிவிடுகிறோம்.

மாலையில் மடுவத்தில் கொழுந்து நிறுக்கும்போது தராசில் ஓர் எண் காட்டுகிறது. தண்ணிக்கு இத்தனை, சாக்குக்கு இத்தனை என்று கழிக்கிறார்கள். மிச்சம்தான் நம் பேரில் விழுகிறது. அந்தக் கணக்கை நின்ற இடத்திலேயே மனதில் போட்டுப் பார்த்து, "ஐயா, ரெண்டு கிலோ குறையுதே" என்று கேட்கக்கூடியவர்கள் நம்மில் எத்தனை பேர்? சம்பளத் துண்டை வரிவரியாக வாசிக்கக்கூடியவர்கள் எத்தனை பேர்? இது நம்முடைய குற்றமில்லை. 1945இல் நாட்டில் இலவசக் கல்வி வந்தபோது தோட்டப் பள்ளிக்கூடங்கள் அதற்கு வெளியிலேயே நின்றன. அரசாங்கம் அவற்றைப் பொறுப்பேற்றது 1970களில்தான். அதற்குள் ஒரு தலைமுறையின் படிப்பு போய்விட்டது.

இன்று பாடசாலை இருக்கிறது. ஐந்து வயது முடிந்ததும் பிள்ளை தரம் ஒன்றுக்குப் போகிறது. ஆனால் பாடம் அன்றைக்குத்தான் ஆரம்பிக்கிறது என்று நாம் நினைத்தால் ஏமாந்துபோவோம். நிறையச் சொல் தெரிந்து, கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லிப் பழகிய பிள்ளை, டீச்சர் சொல்வதைச் சட்டென்று பிடித்துக்கொள்கிறது. பேசிப் பழகாத பிள்ளை கடைசி வாங்கில் பேசாமல் உட்கார்ந்துவிடுகிறது. அந்தப் பேச்சுப் பழக்கம் முதல் ஐந்து வருடத்தில், நம் லயத்துக் காம்பராவிலும் பிள்ளைக் காம்பராவிலும்தான் வர வேண்டும்.

"எங்களுக்கே எழுத்துத் தெரியாது, நாங்கள் என்ன சொல்லிக் கொடுக்கிறது?" என்று சிலர் கேட்கிறீர்கள். எழுத்து தெரியாவிட்டாலும் செய்யக்கூடியதை மட்டுமே இங்கே சொல்கிறோம்.

முதலாவது, பேச்சு. ஒரு நாள் முழுவதும் பிள்ளையிடம் நாம் சொல்வதை எண்ணிப் பாருங்கள். வா, போ, தொடாதே, சும்மா இரு, சாப்பிடு. இவ்வளவுதான் பல வீடுகளில். பிள்ளை "தண்ணி" என்று சொன்னால், கோப்பையைக் கையில் கொடுத்துவிட்டு நாம் போய்விடுகிறோம். அதோடு நாலு சொல் சேர்த்துச் சொல்லுங்கள். "தண்ணி வேணுமா? பீலித் தண்ணி குளிராக இருக்கு. அம்மா சுட வைத்துத் தாறேன். ஊதி ஊதிக் குடி." அந்த ஒரு தண்ணியில் குளிர், சூடு, ஊது, குடி என்று பிள்ளை எத்தனை கேட்டுவிட்டது! பேச்சு வராத ஒரு வயதுப் பிள்ளைக்கும் நாம் சொல்வது விளங்கும். அதனால் பேசட்டும் என்று காத்திருக்க வேண்டாம். கேள்வி கேட்டால் பதிலுக்குக் கொஞ்சம் பொறுத்திருங்கள். பிள்ளை சொல் தேட நேரம் வேண்டும். மழலையாகச் சொன்னால் கேலி பண்ணாமல், சரியான சொல்லை நாமே ஒருதரம் சொன்னால் போதும்.

எந்த மொழியில் பேசுவது என்றும் கேட்கிறார்கள். நமக்கு நன்றாக வருகிற தமிழில்தான். சிங்களமும் இங்கிலீசும் பிள்ளைக்கு வேண்டும், மறுக்கவில்லை. ஆனால் நமக்கே அரைகுறையாகத் தெரிந்த மொழியில் பேசினால் பிள்ளைக்கு அரைகுறைப் பேச்சுத்தான் கிடைக்கும். ஒரு மொழி பலமாக இருந்தால் அதன்மேல் மற்றவை வரும்.

கதையும் பாட்டும் நம்மிடம் இல்லாமலா? தொழிற்சங்கத் தலைவரும் கவிஞருமான சி.வி. வேலுப்பிள்ளை, 1947இல் தலவாக்கலைத் தொகுதியிலிருந்து நாடாளுமன்றம் போனவர், தோட்டத்து மக்களின் பாடல்களைத் தேடித் தேடித் தொகுத்தார். அந்தப் பாடல்களைப் பாடியவர்களில் எழுத்துத் தெரியாதவர்கள் எத்தனையோ பேர். அப்பாயிமாரே, உங்களுக்குத் தெரிந்த தாலாட்டையும் விடுகதையையும் பேரப்பிள்ளைக்குச் சொல்லுங்கள். ஒரே கதையைத் திரும்பத் திரும்பக் கேட்டாலும் சலிக்காமல் சொல்லுங்கள். அப்படிக் கேட்டுத்தான் பிள்ளை மனதில் பதிக்கிறது.

இரண்டாவது, கணக்கு. மூன்று வயதுப் பிள்ளை ஒன்றிலிருந்து பத்து வரை கடகடவென்று சொல்லும். நமக்கும் சந்தோசம். அதே பிள்ளையிடம் "மூணு உருளைக்கிழங்கு எடுத்துத் தா" என்று கேட்டுப் பாருங்கள். கை நிறைய அள்ளித் தரும். பாட்டு மாதிரி எண்ணைச் சொல்வது வேறு, எத்தனை என்று அறிவது வேறு. இரண்டாவது வர நாளாகும், அது குறையில்லை. ஒவ்வொரு கிழங்காகத் தொட்டு, ஒரு கிழங்குக்கு ஓர் எண் சொல்லச் சொல்லுங்கள். முடிந்ததும் "மொத்தம் எத்தனை?" என்று கேளுங்கள். கடைசியாகச் சொன்ன எண்தான் மொத்தம் என்பது பிள்ளைக்கு விளங்க வேண்டும். முதலில் மூன்று வரை போதும், பிறகு ஐந்து. ரொட்டி சுடும்போது ஆளுக்கு ஒன்று வைக்கச் சொல்லுங்கள். அப்பாவுக்கு ஒன்று, அக்காவுக்கு ஒன்று, இன்னும் எத்தனை வேணும்? எது பெரிசு, எது சின்னது? கூட்டலும் கழித்தலும் அங்கேதான் தொடங்குகின்றன.

மூன்றாவது, எழுத்து. இரண்டு மூன்று வயதில் பென்சிலைக் கையில் திணித்து 'அ' எழுது என்று அடிக்காதீர்கள். விரல் பழக வேண்டும். ரொட்டி மாவை உருட்டட்டும், பயறு பொறுக்கட்டும், வாசல் மண்ணில் குச்சியால் கிறுக்கட்டும். எழுத்துக்கு முன்னால் காதுக்குச் சத்தம் தெரிய வேண்டும். "கூடை, கொழுந்து, கங்காணி, எல்லாம் ஒரே மாதிரித் தொடங்குது. இன்னொன்று சொல்லு" என்று விளையாடுங்கள். கலண்டர், அரிசிப் பை, பஸ்ஸின் பெயர்ப் பலகை எல்லாவற்றிலும் எழுத்து இருக்கிறது. பிள்ளையின் பெயரைப் படிக்கிற அக்காவோ அண்ணனோ பெரிதாக எழுதிச் சுவரில் ஒட்டட்டும். பிள்ளை முதலில் அடையாளம் காண்கிற எழுத்து பெரும்பாலும் தன் பெயரின் முதல் எழுத்துத்தான்.

போன் பற்றியும் சொல்ல வேண்டும். அழுகிற பிள்ளை கையில் போனைக் கொடுத்துவிட்டு வேலை பார்க்கிறோம். இரண்டு வயதுக்குக் குறைந்த பிள்ளைகளுக்குத் திரையே வேண்டாம், இரண்டிலிருந்து நாலு வயது வரை ஒரு நாளைக்கு ஒரு மணித்தியாலத்துக்கு மேல் வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2019இல் சொல்லியிருக்கிறது. பிள்ளை பேசுவதற்குப் படம் பதில் சொல்லாது. ஆனால் கொழும்பிலோ வெளிநாட்டிலோ வேலை செய்யும் தாய் அந்தப் போனில் பிள்ளையோடு பேசலாம். "சாப்பிட்டியா" என்பதோடு நிறுத்தாமல், என்ன கறி, யார் சமைத்தது, எத்தனை ரொட்டி என்று கேளுங்கள்.

இரண்டு வயதாகியும் இரண்டு சொல் சேர்த்துப் பேசவில்லை, கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கவில்லை என்றால், "அப்பாவும் லேட்டாகத்தான் பேசினார்" என்று விட்டுவிடாதீர்கள். கிளினிக் புத்தகத்தோடு மருத்துவிச்சி அம்மாவிடம் காட்டுங்கள். காது சரியாகக் கேட்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள்.

இனி சகோதரர்களுக்கு. பல தோட்டங்களில் ஆண்களின் வேலை மத்தியானத்தோடு முடிகிறது. பெண்கள் கொழுந்து நிறுத்துவிட்டு, விறகும் சேர்த்துக்கொண்டு வீடு வர இருட்டுகிறது. அதன்பிறகு அடுப்பு. இதற்குமேல் படிப்பும் சொல்லிக் கொடு என்று அவர்கள் தலையில் வைக்க நமது சங்கம் வரவில்லை. பிள்ளைக் காம்பராவிலிருந்து பிள்ளையைக் கூட்டி வருவதும், வருகிற வழியில் படிகளை எண்ணுவதும், கண்டதற்கெல்லாம் பெயர் சொல்வதும் தகப்பன் செய்யக்கூடிய வேலை. அதற்குக் காசும் வேண்டாம், படிப்பும் வேண்டாம்.

நிர்வாகத்தையும் நாம் சும்மா விடப்போவதில்லை. ஒவ்வொரு தோட்டக் கமிட்டியும் இந்த மாதம் பிள்ளைக் காம்பராவுக்குப் போய்ப் பாருங்கள். எத்தனை பிள்ளைகளுக்கு எத்தனை பேர் இருக்கிறார்கள்? பயிற்சி பெற்றவர்களா? படப் புத்தகம், விளையாட்டுச் சாமான், பாய், தண்ணி, கழிவறை இருக்கின்றனவா? இல்லாததை எழுதிச் சங்கக் காரியாலயத்துக்கு அனுப்புங்கள். அதை வைத்து நாம் பேச்சுவார்த்தையில் கேட்போம். பெரட்டுக்கு முன்னால் பிள்ளையை ஒப்படைத்துவிட்டு மலைக்குப் போகும் தாய், அங்கே பிள்ளை நாள் முழுக்கத் தூங்கி வழிவதற்காக விட்டுப் போகவில்லை.

அதுவரை வீட்டில் நம் பங்கைத் தொடங்குவோம். இன்று இரவு அடுப்படியில் பிள்ளையைப் பக்கத்தில் உட்கார வைத்து, கிழங்கை எண்ணச் சொல்லுங்கள். அடுத்த கூட்டத்துக்கு வரும்போது எத்தனை வரை வந்தது என்று எங்களுக்குச் சொல்லுங்கள்.