காதால கத்துக்கிட்ட டிரேடிங்

அமெரிக்க வேலைவாய்ப்பு டேட்டா பெரும்பாலும் மாசத்தோட முதல் வெள்ளிக்கிழமை வரும். அங்க கோடைன்னா நமக்கு சாயங்காலம் 6 மணி. லைவ் ஆடியோவுல அந்த அனுபவசாலி "விக்கிறேன்"னு சொன்னதும் யூரோ-டாலர்ல நானும் விப்பேன். அவர் குரல் என் காதுக்கு வரவே சில நொடி லேட். ஆபீஸ்ல லேட்டன்சி குறைக்கிறதுதான் என் வேலையே, இது மட்டும் உறைக்கல! ஒரே மாலையில பாதி மாசச் சம்பளம் காலி.

அப்புறம் மூணு மாசம் ஆர்டரே போடாம கேட்டேன். எண் வந்ததும் அவர் குதிக்கவே இல்லை. முந்தின ரெண்டு மாசக் கணக்கைத் திருத்தியிருக்காங்களா, சம்பளம் எவ்வளவு ஏறியிருக்குன்னு பார்த்தார். ஸ்ப்ரெட் சுருங்குற வரை காத்திருந்தார்.

இப்போ அவர் வாயைத் திறக்குறதுக்கு முன்னாடியே என் முடிவை நோட்டுல எழுதிடுறேன். பாதிக்கு மேல தப்புதான். ஸ்டாப் எங்க வைக்கிறதுங்கறது மட்டும் அவரோட ஒத்துப்போக ஆரம்பிச்சிருக்கு.