குடலை எடுத்த பிறகும் இரைப்பையைப் பார்க்க வேண்டும்
(மாவட்டக் கமிட்டிக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



பரம்பரை நோய் என்றாலே நாங்கள் வாயை மூடிக்கொள்கிறோம். பிள்ளைக்குச் சம்பந்தம் அமையாது என்ற பயம். ஆனால் ஒரு நோயில் அந்த மௌனமே உயிருக்கு உலை வைக்கிறது. அதுதான் குடும்பவழி வரும் பொலிப் நோய்.

பொலிப் என்பது குடலின் உட்சுவரில் வளரும் சதை முளை. இந்நோய் உள்ளவர்களுக்குப் பெருங்குடலில் இளவயதிலேயே அது முளைக்கத் தொடங்கி, நூற்றுக்கணக்கில், ஆயிரக்கணக்கில் பெருகும். கவனிக்காமல் விட்டால் பெரும்பாலும் 40 வயதையொட்டிப் புற்றுநோயாகும். அதனால்தான் வைத்தியர்கள் பெருங்குடலைச் சத்திரசிகிச்சை செய்து எடுக்கிறார்கள்.

"குடலை எடுத்தாச்சு, இனி கிளினிக் எதற்கு?" என்று நின்றுவிடக் கூடாது. இவர்களில் பலருக்கு இரைப்பையிலும் பொலிப் வரும். பெரும்பாலானவை மேற்பகுதியில் வரும் சிறு முளைகள். அவை புற்றுநோயாவது அரிது. ரிப்போர்ட்டில் அந்தச் சொல்லைக் கண்டதும் கலங்க வேண்டாம். ஆனால் பெரிதாக வளர்வதையும் அடினோமா என்ற வகையையும் கவனித்து அகற்ற வேண்டும். இரைப்பையைத் தாண்டியதும் வரும் முன்சிறுகுடலில் முளைப்பவை இன்னும் ஆபத்தானவை. வலி வரும்வரை காத்திருந்தால் காலம் கடந்துவிடும்.

ஆகவே 20 முதல் 25 வயதுக்குள் வாய்வழியாகக் கமரா குழாய் விட்டுப் பார்க்கும் எண்டோஸ்கோபியைத் தொடங்க வேண்டும். அடுத்த முறை எப்போது என்பதை, கண்டதைப் பொறுத்து வைத்தியர் சொல்வார். சிலருக்குச் சில மாதம், சிலருக்குச் சில வருடம்.

இது சாபமுமல்ல, தொற்றுமல்ல. ஏபிசி என்ற மரபணுவில் உள்ள கோளாறு. தாய்க்கோ தகப்பனுக்கோ இருந்தால், ஆணோ பெண்ணோ, ஒவ்வொரு பிள்ளைக்கும் வருவதற்கு 50 வீத வாய்ப்பு உண்டு. ஆகவே உங்களுக்கு இருக்கிறதென்றால் அண்ணன் தம்பி, அக்கா தங்கச்சி, வளர்ந்த பிள்ளைகள் எல்லோருக்கும் சொல்லுங்கள். மறைத்தால் அவர்களும் தெரியாமலே இருந்துவிடுவார்கள்.

எண்டோஸ்கோபிக்கு வெறும் வயிற்றோடு போக வேண்டும். அன்று மலைக்குப் போக முடியாது, பேர் விழாது. ஒரு நாள் சம்பளம் போகுமே என்று சோதனையைத் தள்ளிப்போடும் நிலைமை நமக்கு இருக்கிறது. சோதனை நாளுக்குச் சம்பளத்தோடு லீவு கேட்டு வாதாடுவது சங்கத்தின் வேலை. கிளினிக் திகதியைத் தோட்டத் தலைவரிடம் முன்கூட்டியே சொல்லுங்கள். நோயின் பெயரைச் சொல்லத் தேவையில்லை, திகதி போதும். மற்றதை நாங்கள் பேசுகிறோம்.