கான்கிரீட் போடும் முன் ஒரு நிமிடம்

(பொதுக்குழுக் கூட்டத்தில் உறுப்பினர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்)



பின்பக்க கார் பார்க்கிங்கை உடைத்துப் புதிதாகக் கான்கிரீட் போடலாமா என்று அடுத்த கூட்டத்தில் வாக்கெடுக்கப் போகிறோம். ஆறு வருடத்துக்கு முன் அந்த மண் தரையை மூடச் சொல்லிக் கை தூக்கியவர்களில் நானும் ஒருவன். செருப்பில் சேறு ஒட்டுவது நின்றது, உண்மைதான். ஆனால் மழை நாளில் லிஃப்ட் வாசல் வரை தண்ணீர் நிற்பதும் அதற்குப் பிறகுதான். மே மாதம் டேங்கர் லாரிக்குக் காத்திருக்கிறோம். அதனால் இந்த முறை கை தூக்கும் முன் சிலவற்றை யோசியுங்கள்.

ஒரு சின்னக் கணக்கு. சென்னையில் ஆண்டுக்குச் சராசரியாகச் சுமார் 1,400 மி.மீ. மழை பெய்கிறது. ஒரு சதுர மீட்டரில் ஒரு மி.மீ. பெய்தால் ஒரு லிட்டர். நம் பின்பக்கம் 400 சதுர மீட்டர். ஆக, அங்கே மட்டும் விழுவது 5,60,000 லிட்டர். 12,000 லிட்டர் லாரியில் 46 லோடுக்கும் மேல். எல்லாமே நிலத்தடிக்குப் போய்விடாது, கொஞ்சம் ஆவியாகும். ஆனால் இன்று கிட்டத்தட்ட மொத்தத்தையும் தெருவுக்கு அனுப்புகிறோம். மொட்டை மாடித் தண்ணீருக்குச் சேகரிப்புக் குழி வைத்தோம், தரையை மறந்துவிட்டோம்.

மாற்று வழி ஒன்று உண்டு. மறுசுழற்சி பிளாஸ்டிக்கில் செய்த, தேன்கூடு போன்ற கட்டங்கள். அறைகளில் ஜல்லி நிரப்பலாம், புல்லும் வளர்க்கலாம். காரின் எடையைக் கட்டம் பரப்பித் தாங்கும். தண்ணீர் இடையில் இறங்கும். மதுரைப் பேராசிரியர் வாசுதேவன் கண்டுபிடித்த பிளாஸ்டிக் தார்ச் சாலையோடு இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். அங்கே தண்ணீர் உள்ளே போகக் கூடாது. இங்கே போக வேண்டும்.

சில நிபந்தனைகளும் உண்டு. வேலை செய்வது கட்டத்துக்கு அடியிலுள்ள படுகைதான். தூள் கலக்காத ஜல்லி வேண்டும். முதலில் குழி தோண்டித் தண்ணீர் ஊற்றி, எவ்வளவு நேரத்தில் வற்றுகிறது என்று பார்க்க வேண்டும். களிமண்ணாக இருந்தால், மிஞ்சும் நீரைச் சேகரிப்புக் கிணற்றுக்குக் கொண்டுபோகக் குழாய் தேவை. அதன்மேல் மணல் கொட்டவோ சிமென்ட் கலக்கவோ கூடாது, அடைத்துக்கொள்ளும். காரும் அங்கே கழுவக் கூடாது. சோப்பும் ஆயிலும் நம் போர்வெல்லுக்கே வந்து சேரும். வெயிலைத் தாங்கும் தரமா என்று விற்பவரிடம் எழுதி வாங்க வேண்டும். சாய்தளமும் தீயணைப்பு வண்டி வரும் பாதையும் கான்கிரீட்டாகவே இருக்கட்டும். வாக்கரோடு நடக்கும் பெரியவர்களுக்குச் சமமான நடைபாதையும் வேண்டும்.

என் வேண்டுகோள் இதுதான்: முதலில் விருந்தினர் கார் நிறுத்தும் இரண்டு இடங்களில் மட்டும் போட்டுப் பார்ப்போம். ஐப்பசி, கார்த்திகை மழையில் நாமே நின்று பார்ப்போம். தண்ணீர் இறங்கினால் மீதிக்கும் வாக்களியுங்கள். தேங்கினால், கான்கிரீட்டுக்கு நானே கை தூக்குகிறேன்.