மலை ஓட்டத்துக்குத் தயாராகும் பிள்ளைகளுக்கும் பெற்றோருக்கும்

(அறக்கட்டளை அரங்கில் நடந்த மாதாந்தக் கூட்டத்தில் ஆற்றிய உரை)

 

நம் உடற்பயிற்சி வகுப்புக்கு வரும் பிள்ளைகளில் சிலர் மலைப்பாதை மாரத்தானுக்குப் பெயர் கொடுக்க விரும்புகிறார்கள். 42 கிலோமீட்டர் தூரம். அதுவும் தார் ரோட்டில் அல்ல, கல்லும் வேரும் சரிவும் நிறைந்த ஒற்றையடிப் பாதையில். "ஓடட்டும், உடம்புக்கு நல்லதுதானே" என்கிறார்கள் சில பெற்றோர். "எதற்கு இந்த ஆபத்து?" என்கிறார்கள் வேறு சிலர். இரு தரப்பாருக்கும் நாம் சொல்ல விரும்புவது ஒன்றுதான்: மலை ஏறத் தயாராகிறவர், பாதியில் திரும்பி வரவும் தயாராக வேண்டும்.

ஏன் இப்படிச் சொல்கிறோம்? சீனாவின் கான்சு மாகாணத்தில் 2021 மே 22 அன்று 100 கிலோமீட்டர் மலை ஓட்டம் ஒன்று நடந்தது. 172 பேர் கிளம்பினார்கள். உயரமான பகுதியை அடைந்தபோது ஆலங்கட்டியும் குளிர்மழையும் சூறைக்காற்றும் ஒன்றாக வந்து தாக்கின. பலர் மெல்லிய சட்டையும் அரைக்கால் சட்டையும்தான் அணிந்திருந்தார்கள். காற்றையும் மழையையும் தடுக்கும் மேலங்கி கட்டாயப் பொருட்களின் பட்டியலில் இல்லை. உடல் வெப்பத்தை இழந்து 21 பேர் இறந்துபோனார்கள். அவர்களில் ஒருவரான லியாங் ஜிங், பல நெடுந்தூர ஓட்டங்களில் முதலிடம் பெற்றவர். அந்தப் பக்கம் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஜூ கெமிங் என்பவர் ஆறு பேரைக் குகைக்குள் அழைத்துச் சென்று, தீ மூட்டி, போர்வை போர்த்திக் காப்பாற்றினார். பலமான கால்களால் முடியாததை அன்று ஒரு போர்வை செய்தது.

இனி பயிற்சிக்கு வருவோம். 21 கிலோமீட்டரைச் சிரமமில்லாமல் ஓடுகிறவருக்கும் நான்கு முதல் ஆறு மாதம் தேவை. வாரத்தில் நான்கு நாள் போதும். மூன்று நாள், பக்கத்தில் வருபவரோடு பேசிக்கொண்டே ஓடும் வேகம். ஒரு நாள் நெடுந்தூரம். மூன்று வாரம் தூரத்தைக் கூட்டினால், நான்காவது வாரம் குறைத்து உடம்புக்கு ஓய்வு தர வேண்டும்.

நம் ஆம்பூர், வாணியம்பாடி பகுதிக்குப் பக்கத்திலேயே ஏலகிரி இருக்கிறது. மேலே போகும் சாலையில் 14 கொண்டை ஊசி வளைவுகள். பஜ்ருக்குப் பிறகு, வண்டி நடமாட்டம் கூடுவதற்கு முன், இரண்டு மூன்று பேராகச் சேர்ந்து ஏறிப் பழகலாம். செங்குத்தான ஏற்றத்தில் நடப்பது கேவலமல்ல. அனுபவசாலிகளும் அங்கே நடக்கத்தான் செய்கிறார்கள். பலரும் மறப்பது இறக்கத்தைத்தான். இறங்கும்போது தொடைத் தசை நீண்டுகொண்டே உடம்பின் பாரத்தையும் தாங்குகிறது. பழகாதவருக்கு இரண்டு நாள் கழித்துப் படி இறங்கவே முடியாது. எனவே இறக்கத்தையும் கொஞ்சம் கொஞ்சமாகப் பழக வேண்டும். காட்டுப் பாதைக்கு வனத்துறை அனுமதி இல்லாமல் யாரும் போகக்கூடாது. 2018 மார்ச்சில் குரங்கணிக் காட்டுத்தீயில் போன உயிர்களை நாம் மறந்துவிடவில்லை.

நேரக் கணக்கும் வேறு. நெய்ஸ்மித் என்ற ஸ்காட்லாந்து மலையேறி 1892இல் நடப்பவர்களுக்காக ஒரு கணக்கு சொன்னார்: 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம், சுமார் 600 மீட்டர் ஏற்றத்துக்கு இன்னும் ஒரு மணி நேரம். ரோட்டில் நான்கு மணி நேரத்தில் முடிப்பவருக்கு மலையில் ஏழெட்டு மணி நேரம் ஆகலாம். வீட்டில் காத்திருப்பவர்களுக்கு இதை முன்பே சொல்லிவிடுங்கள்.

ஷூவைப் பற்றி நம் ஊர்க்காரர்களுக்குப் பாடம் எடுக்க வேண்டியதில்லை. சோலில் ஆழமான பிடிமானம் இருக்கட்டும். இறக்கத்தில் விரல் இடித்து நகம் போகாதபடி முன்னால் கொஞ்சம் இடம் இருக்கட்டும். பருத்தித் துணி நனைந்தால் சீக்கிரம் காயாது, குளிரைக் கூட்டும். நம் பெண்பிள்ளைகள் அணியும் முழுக்கை உடையும் தலைத்துணியும் சீக்கிரம் உலரும் துணியில் இருப்பது நல்லது. மழை மேலங்கி, விசில், டார்ச், சார்ஜ் உள்ள போன் ஆகிய நான்கும் வெயில் அடித்தாலும் பையில் இருக்க வேண்டும். 1,000 மீட்டர் மேலே போனால் வெப்பம் ஆறு டிகிரிக்கு மேல் குறையும்.

சாப்பாட்டுக்குப் பேரீச்சம்பழமும் கடலை மிட்டாயும் போதும். பசிக்கும் முன்பே சிறிது சிறிதாகச் சாப்பிட வேண்டும். தாகத்துக்குத் தக்கபடி குடியுங்கள். வெறும் தண்ணீரை அளவில்லாமல் குடித்தால் ரத்தத்தில் உப்பு குறைந்து மயக்கம் வரும். சர்க்கரை, ரத்த அழுத்தம் உள்ளவர்களும், குடும்பத்தில் இதய நோய் உள்ளவர்களும் பயிற்சியைத் தொடங்கும் முன்பே மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

பெற்றோர்களே, கடைசியாக உங்களிடம் ஒன்று. கட்டணம் கட்டியாயிற்று, சொந்தக்காரர்களிடம் சொல்லியாயிற்று, மெடல் இல்லாமல் எப்படித் திரும்புவது என்ற எண்ணம்தான் இளைஞர்களை ஆபத்தில் மேலே தள்ளுகிறது. அந்தச் சுமையை நீங்கள்தான் இறக்கிவைக்க முடியும். கிளம்பும் நாளில் வாய்திறந்து சொல்லுங்கள்: "முடியவில்லை என்றால் திரும்பி வந்துவிடு. நாங்கள் ஒரு வார்த்தையும் கேட்க மாட்டோம்." பெயர் கொடுக்கும் ஒவ்வொரு பிள்ளையின் வீட்டிலும் இந்த வார்த்தை சொல்லப்பட வேண்டும் என்பதே நம் வேண்டுகோள்.

நம் பிள்ளைகள் நலமாகப் போய் நலமாகத் திரும்ப அல்லாஹ் அருள் புரிவானாக. வஸ்ஸலாம்.