மலை அமைதியானது எப்படி?

(பழைய மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



"போலீஸ் நடவடிக்கையால் தீவிரவாத அமைப்பு பலவீனமாகுமா?" என்பது எனக்குத் தந்த தலைப்பு. நான் தேவாரத்துக்காரன். இதற்காகக் காஷ்மீர் வரை போக வேண்டாம். நம்ம மலையிலேயே கதை இருக்கு.

2004-இல் மக்கள் யுத்தக் குழுவும் மாவோயிஸ்ட் கம்யூனிஸ்ட் மையமும் இணைந்து இந்திய கம்யூனிஸ்ட் கட்சி (மாவோயிஸ்ட்) உருவானது. தமிழகம், கேரளம், கர்நாடகம் சேரும் மலைகளில் தளம் அமைப்பது அவர்கள் திட்டம். 2007-இல் பெரியகுளம் முருகமலையில் சிலர் கைதானார்கள். 2008 ஏப்ரலில் கொடைக்கானல் மலைக்காட்டில் நவீன் பிரசாத் சுட்டுக் கொல்லப்பட்டார். 2015-இல் ரூபேஷ் உள்ளிட்ட ஐவர் கோவை அருகே பிடிபட்டனர். 2019-இல் அட்டப்பாடியில் மணிவாசகம் உட்பட நால்வர் கேரளப் போலீசாரால் கொல்லப்பட்டனர். அது உண்மையான மோதல்தானா என்ற கேள்வியும் எழுந்தது. 2025 மே மாதம் அக்கட்சியின் பொதுச் செயலாளர் நம்பாலா கேசவ ராவே சத்தீஸ்கரில் கொல்லப்பட்டார்.

ஆகவே பலவீனமானதா என்றால், ஆமாம். மறுப்பதற்கில்லை. பெரு நாட்டிலும் 1992-இல் ஒளிரும் பாதை இயக்கத் தலைவர் குஸ்மான் பிடிபட்டதும் இயக்கம் சரிந்தது. ஆனால் அரசு சரியாக எட்டாத பள்ளத்தாக்குகளில் மிச்சம் மீதி பல ஆண்டுகள் தங்கிவிட்டது.

நம் பக்கம் ஏன் வேர் பிடிக்கவில்லை? துப்பாக்கி மட்டும் காரணமில்லை. விடியுமுன் ஜீப்பில் நெருக்கியடித்துக்கொண்டு போடிமெட்டு ஏறி ஏலக்காய்த் தோட்டத்துக்குப் போகும் நம் பெண்களுக்குக் குறை ஆயிரம் உண்டு. அதைச் சொல்ல சங்கம், மனு, மறியல், ஓட்டு என்று வழிகளும் இருந்தன. காட்டுக்குள் போய்த்தான் கேட்க வேண்டும் என்று அவர்கள் நினைக்கவில்லை.

இங்கே ஒரு தவறை ஒப்புக்கொள்கிறேன். அந்த 2007-இல், மலையடிவாரம் பூராவும் போலீஸ் நடமாட்டம். ஒரு பையன் என்னிடம் வந்தான். அவன் அம்மா போன ஜீப் கவிழ்ந்து கால் ஒடிந்திருந்தது. தோட்டக்காரரிடம் நஷ்டஈடு கேட்டு மனு எழுதித் தரச் சொன்னான். "இப்ப வேணாம்ப்பா, உன்னையும் தீவிரவாதின்னு எழுதிருவாங்க" என்று திருப்பி அனுப்பினேன். ஒன்றும் பேசாமல் போனான். எந்தக் காட்டுக்கும் போகவில்லை, திருப்பூருக்குப் போய்விட்டான். அந்த மனு கடைசிவரை எழுதப்படவே இல்லை. மலை அமைதியாகத்தான் இருந்தது. அதில் கொஞ்சம் அமைதி என் பயத்தால் வந்தது.

ஆயுதக் குழுவை ஒடுக்குவது போலீஸ் வேலை. அதை அவர்கள் செய்தார்கள். அது மறுபடி முளைக்காமல் பார்ப்பது நம் வேலை. மாணவச் செல்வங்களே, நாளை நீங்கள் தாசில்தாராகலாம், வக்கீலாகலாம், வாத்தியாராகலாம். ஒரு பையன் மனுவோடு வந்தால் உட்கார வைத்து எழுதிக் கொடுங்கள்.