கீல் உடைந்த ஹெட்போனும் அப்பாவின் குழாய் ஸ்பீக்கரும்

இன்னைக்கு கொஞ்சம் புலம்பல் எபிசோட். பொறுத்துக்கோங்க.

எனக்குச் சொந்த ஊர் ஆலத்தியூர். அரியலூர் மாவட்டம், செந்துறை பக்கம். சிமெண்ட் ஆலை இருக்கிற ஊர் என்றால் நிறையப் பேருக்குப் புரியும். அப்பா ஒரு காலத்தில் மைக் செட் வைத்திருந்தார். காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, மாரியம்மன் திருவிழா எல்லாத்துக்கும் எங்க வீட்டு ஆம்ப்ளிஃபையரும் குழாய் ஸ்பீக்கரும்தான் போகும். புளியமரத்தில் ஏறிக் குழாய் கட்டியே முட்டி தேய்ந்த மனுஷன்.

ரெண்டு வருஷம் முன்னாடி, திருச்சியில் ஒரு கடையில் 7,490 ரூபாய் கொடுத்து ஒரு புளூடூத் ஹெட்போன் வாங்கினேன். காதை முழுசா மூடுகிற, வெளிச்சத்தத்தைக் குறைக்கிற வகை. கம்பெனி பேர் வேண்டாம். பஸ்ஸில் கேட்கத்தான் வாங்கினேன். ஒரு மாசத்தில் அது அப்பா கைக்குப் போயிடுச்சு. அவருக்குக் காது மந்தம், டிவியை அலற விடுவார், அம்மா சண்டைக்கு வருவாங்க. ஹெட்போன் வந்த பிறகு வீடு அமைதியாச்சு. சாயங்காலம் திண்ணையில் உட்கார்ந்து இளையராஜா பாட்டு கேட்பார்.

முதல் நாள் மாட்டிப் பார்த்துவிட்டு அவர் சொன்னது இதுதான்: "என்னடா இது, பாட்டெல்லாம் கிணத்துக்குள்ளேருந்து வர்ற மாதிரி இருக்கு." எனக்கோ அந்த பாஸ்தான் பிடிச்சிருந்தது. ராஜா பாட்டில் பேஸ் கிட்டார் தனியா ஒரு கதை சொல்லிக்கிட்டே போகும் இல்லையா, அதை முதல் முறையா முழுசாகக் கேட்டதே அதில்தான்.

யார் சொன்னது சரி? ரெண்டு பேரும். குழாய் ஸ்பீக்கர் கீழ் ஸ்தாயியைப் பெரிதாகக் கொடுக்காது. சுமார் 300 ஹெர்ட்ஸுக்குக் கீழே அதில் சரக்கு இல்லை. பேச்சுக் குரல் ரெண்டு தெரு தாண்டித் தெளிவாகப் போவதற்காகச் செய்யப்பட்ட பொருள் அது. நாற்பது வருஷம் அதைக் கேட்ட காதுக்கு அதுதான் 'சரியான' சத்தம். போதாததற்கு, வயசானால் முதலில் போவது மேல் ஸ்தாயி. ஹார்மன் நிறுவனத்தில் ஷான் ஆலிவ், டாட் வெல்ட்டி என்ற ரெண்டு ஆராய்ச்சியாளர்கள், பலரையும் உட்கார வைத்து பாஸையும் ட்ரெபிளையும் அவங்களே திருகிக்கச் சொன்னார்கள். இளம் வயசுக்காரர்கள் பாஸைக் கூட்டினார்கள். 55 தாண்டியவர்கள் பாஸைக் குறைத்து ட்ரெபிளைக் கூட்டினார்கள். அதனால் நான் செயலியில் ஈக்வலைசரைத் திறந்து பாஸை இறக்கி, மேலே கொஞ்சம் ஏற்றிக் கொடுத்தேன். "ம், இப்ப பாடுறாங்க" என்றார். அதோடு முடிந்தது.

எட்டாவது மாசம் வலது பக்கக் கீல் உடைந்தது. கீழே விழவில்லை, யாரும் மிதிக்கவில்லை. மடக்கி வைக்கும்போது 'டக்'. உள்ளே பார்த்தால் ஒரு இரும்பு ஊசி, அதைச் சுற்றி நகக்கண் அளவு பிளாஸ்டிக். தலையில் மாட்ட விரிக்கும்போதெல்லாம் மொத்த இழுவிசையும் அந்த இடத்தில்தான். சத்தம் ரெண்டு பக்கமும் வருது, பேட்டரி நிக்குது, ஆனா தலையில் நிக்காது.

அப்பா உடனே சைக்கிள் ஸ்போக்ஸ் கம்பியும் அரால்டைட்டும் எடுத்துக்கிட்டு வந்துட்டார். நான்தான் தடுத்தேன். "அப்பா, தொடாதீங்க. பிரிச்சா வாரண்டி போயிடும்." அவர் என்னைப் பார்த்த பார்வை இருக்கே! அவர் தொழிலில் யூனிட் போனால் டயாஃப்ரம் வாங்கி வந்து, நாலு ஸ்க்ரூ கழற்றி, பத்து நிமிஷத்தில் மாற்றிவிடுவார். பொருளை வாங்கினவன் அதைத் திறக்கக் கூடாது என்பதே அவருக்குப் புரியவில்லை.

கம்பெனிக்கு மெயில் போட்டேன். போட்டோ கேட்டார்கள். பில் கேட்டார்கள். பில் எடுத்தால் எழுத்தெல்லாம் வெளுத்து வெறும் வெள்ளைத்தாள். கடைகளில் தருவது தெர்மல் காகிதம், சூட்டில் அழிந்துவிடும். நல்லவேளை, வாங்கின அன்னைக்கே போனில் ஒரு போட்டோ எடுத்திருந்தேன். அனுப்பினேன். பதில்: இது 'பிசிக்கல் டேமேஜ்', வாரண்டியில் வராது, புதுசு வாங்கினால் 30 சதவீதம் தள்ளுபடி. கீல் என்பது பிசிக்கலாகத்தானே உடையும்? வேறெப்படி உடையும்?

எல்லா ஹெட்போனும் இப்படி இல்லை. 1997இல் வந்த சென்ஹைசர் ஹெச்டி 600 இன்னும் விற்பனையில் இருக்கிறது. காது மெத்தை, வயர் எல்லாம் கையாலேயே கழற்றி மாட்டலாம். அது வயர் உள்ளது, மடங்காது, விலையும் வேறு. ஒப்பிடுவது முழு நியாயம் இல்லைதான். ஆனா மாற்ற முடிகிற மாதிரி செய்வது முடியாத காரியம் இல்லை என்று தெரியுது இல்லையா.

1915க்கு அழைத்தேன். தேசிய நுகர்வோர் உதவி எண். தமிழிலேயே பேசலாம். அது கோர்ட் இல்லை, புகாரைக் கம்பெனிக்குத் தள்ளிவிட்டுப் பதில் கேட்பார்கள். அதுவும் நடக்கவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019ஆம் வருஷச் சட்டத்தில் ஒரு நல்ல விஷயம்: நீங்கள் குடியிருக்கிற மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். கம்பெனி டெல்லியில் இருந்தாலும் நான் டெல்லி போக வேண்டாம். 5 லட்சம் ரூபாய் வரை கொடுத்து வாங்கின பொருளுக்கு வழக்குக் கட்டணம் கிடையாது. ரெண்டு வருஷத்துக்குள் போடணும். பொருளில் குறையா, நம்ம கைக் கோளாறா என்று தெரிய, ஆணையம் அதைப் பரிசோதனைக் கூடத்துக்கு அனுப்பவும் முடியும். அதனால் உடைந்த துண்டைத் தூக்கிப் போட்டுடாதீங்க.

எனக்கு அவ்வளவு தூரம் போக வேண்டியிருக்கவில்லை. புகார் எண் கொடுத்து மூணு வாரத்தில் கம்பெனியிலிருந்து ஒரு பொண்ணு போன் பண்ணி, "சார், ஒன் டைம் எக்ஸப்ஷனா மாத்தித் தர்றோம்" என்றார். ஜெயிச்ச மாதிரி இருந்தது. ஆனா மெயில் போட்ட நாளிலிருந்து பார்சல் வரும்வரை ரெண்டரை மாசம். அந்த ரெண்டரை மாசமும் டிவி பழையபடி அலறியது. அம்மா அடுப்படிக் கதவைச் சாத்திக்கிட்டாங்க. அப்பா பாட்டு கேட்பதையே விட்டுட்டார். ஏன்ப்பா என்றால், "எதுக்கு, உனக்குத்தான் தொல்லை" என்பார். 7,490 ரூபாயை விட அதுதான் எனக்கு வலிச்சது. முதல் நாளே ஸ்போக்ஸ் கம்பியை வைக்க விட்டிருக்கலாமோ என்று இப்பவும் தோணுது.

புதுசு வந்தது. அதே மாடல். அப்பா மாட்டிப் பார்க்கவில்லை, முதலில் கீலை ரெண்டு தடவை மடக்கி விரித்துப் பார்த்தார். "இதே கீல்தானேடா குடுத்திருக்கான்" என்றார். அப்புறம் காதில் வைத்துக்கொண்டு, "பழையபடி கிணத்துக்குள்ள போயிட்டாங்க, ஏத்தி விடு" என்றார். ஏற்றிவிட்டேன்.

இப்போது அதை அவர் மடக்குவதே இல்லை. திண்ணை ஓரம் குழாய் ஸ்பீக்கர் தொங்கின அதே ஆணியில், விரித்தபடியே மாட்டி வைக்கிறார்.